உன் மேற்சீலை இப்போது முள்ளியவளையில்

என் ஆசை வதனியக்காவுக்கு,

உன் செத்தவீட்டில் வைத்தே உன் வீட்டைக் கொள்ளையடித்தார்கள். பளையிலிருந்து வந்த நம் பெரியம்மாவும், அவா சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய நம் சொந்தக்கார ஆண்களும்தான் கொள்ளையடித்தவர்கள். இதை உன் காதில் மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஊரும் படிக்கட்டும்.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். பெரியம்மா உள்ளே வந்து உன் முகத்தைப் பார்க்க முதல் மேலே பார்த்தா.

"செத்தவீட்டில தலைக்கு மேல வாத்தும் வள்ளமும் தொங்குறதோ? கழட்டுங்கோடா. வெள்ளை கட்டவேணும்."

"கயிறு இறுகிக் கிடக்குது மாமி."

"அப்ப இழுவுங்கோ."

இழுத்தார்கள். துணி கிழிந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் உன் தலைக்கு மேல் வெள்ளை வேட்டிகள் வந்துவிட்டன. நீ மாதக்கணக்காகத் தைத்தது மூலையில் சுருண்டு கிடந்தது.

படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும், அது என்ன என்று. ஒட்டுசுட்டானில் நமக்குக் கிடைத்தது வீட்டுத்திட்டத்து வீடு. நாடா வெட்டினார்கள், திறப்பைக் கையில் தந்தார்கள், படம் எடுத்தார்கள். சுவருக்குப் பூச்சில்லை. யன்னலுக்குக் கதவில்லை. மேலே வெறும் தகரம். மத்தியானத்தில் உள்ளே இருக்கிறவர் வெளியே மர நிழலுக்கு ஓடவேண்டும். அதற்குப் பெயர் வீடு.

அதை வீடாக்கினது நீ. நான் வேலை செய்யும் உடுப்புத் தொழிற்சாலையில் கழித்துப் போடும் வெட்டுத்துண்டுகளை உரப்பையில் கட்டிக்கொண்டு வருவேன். எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டு படுக்கிற உடுப்பின் மிச்சம்: மஞ்சள் வாத்து, நீல வள்ளம், சின்னச் சின்ன நட்சத்திரம். நாள் முழுக்க நாங்கள் தைக்கிற அந்த உடுப்பில் ஒன்றை உன் மகள் ஆரணிக்கு வாங்கிப் போட எங்களால் முடியாது. துண்டுகள்தான் வரும். நீ அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, அடியில் பழைய சேலைகளை அடுக்காகக் கொடுத்துத் தைத்து, தகரத்துக்குக் கீழே கூடம் முழுக்க மேற்சீலையாகக் கட்டினாய். பிளாஸ்டிக் கதிரைகளுக்கு மெத்தை வந்தது. குசினி வாசலுக்குத் திரை வந்தது. மிஞ்சிய கிழிசலை முறுக்கிக் கால்மிதி செய்தாய். மத்தியானத்தில் ஆரணி பாயில் மல்லாந்து கிடந்து, "அம்மா, அந்த வாத்து எங்க போகுது?" என்று கேட்டபடியே தூங்கிப்போவாள்.

பிறகு அதிகாரிகள் திரும்பி வந்து, முன்மாதிரி வீடு என்று சொல்லிக் கூடத்தில் நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நீ இல்லை. அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாய்.

வயலில் வந்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தபோது எல்லாம் பிந்திவிட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் ஆரணியைக் கிணற்றடியில் குளிக்க வார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பெரியம்மா உன் சேலைகளோடு மேற்சீலையையும் சேர்த்துக் கட்டி, ஊருக்கு உடுப்பு வெளுத்து வெள்ளை கட்டும் முள்ளியவளைச் செல்லத்துரை அண்ணையிடம் கொடுத்துவிட்டா. செத்தவரின் உடுப்பு வெள்ளை கட்டுகிறவருக்குப் போகும், அது வழக்கம். ஊர் அவரைக் கட்டாடி என்று சாதியைச் சொல்லித்தான் கூப்பிடும். நீ மட்டும் அண்ணை என்பாய். ஆனால் மேற்சீலை உன் உடுப்பா? அது வீட்டின் உடுப்பு அல்லவா?

"சாவுத் தீட்டுப் பட்ட துடக்குச் சீலை வீட்டில கிடக்கக்கூடாது பிள்ளை," என்றா பெரியம்மா. ஆரணியின் அப்பா, என் அத்தான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது உனக்குச் சொல்லவேண்டிய செய்தி இதுதான். ஆரணியைப் பளைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய அன்றைக்கே வான் ஒன்று பிடித்து ஏற்றுகிறார்களாம். "இந்தத் தகரச் சூட்டுக்க ஒரு பொம்பிளைப்பிள்ளை எப்பிடி வளரும்? ஆர் பாக்கிறது?" என்று பெரியம்மா கேட்கிறா. சூட்டை மறைத்ததைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்கிறா! நான் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டேன், நான் பார்க்கிறேன் என்கிறேன். அத்தான் மேலே தகரத்தைப் பார்க்கிறார். பிள்ளை வேர்க்குருவோடு அழுகிறாள். "அங்க ஓட்டு வீடு, சுதா," என்கிறார் என்னிடம். உடைந்துகொண்டிருக்கிறார் மனுசன்.

அதனால் நான் பஸ் ஏறி முள்ளியவளைக்குப் போனேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? வெக்கம்," என்று அத்தான் மறித்தார். போனேன்.

செல்லத்துரை அண்ணை இல்லை. மருமகள் கலா இருந்தா. என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். வாசலிலேயே கண்டுவிட்டேன். அவர்கள் வீடும் தகரம்தான். உன் மேற்சீலை தோய்க்கப்பட்டு, கிழிந்த இடமெல்லாம் நீல நூலால் தைக்கப்பட்டு, மேலே நின்றது. கீழே ஏணைத் தொட்டிலில் கைக்குழந்தை.

"என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு தெரியும்," என்றா. "இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியளோ, இல்லாட்டி வீட்டை போய்த்தான் குடிப்பியளோ?"

குத்து விளங்கியது. கொதிக்கக் கொதிக்க ஒரே இழுவையில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

"மெல்லக் குடியுங்கோ. முதலாவதாக் குடிச்சு முடிச்சா ஆரும் பரிசு தரேல்லை."

"அக்கா, அது பெரியம்மா தரக்கூடாத சாமான். பிள்ளைக்கு வேணும்."

"நாங்கள் கேட்டு வாங்கேல்லை. பொட்டலத்தைக் கையில படாமல் எறிஞ்சவா உங்கட பெரியம்மா. அண்டைக்குத் துடக்கு. இண்டைக்குத் துடக்குப் போயிட்டுதோ?"

"நான் துடக்கு எண்டதொண்டும் பாக்கிறேல்லை."

"நீங்கள் பாக்காமல் விடலாம். எங்களுக்கு அதுதானே தொழில் எண்டு வைச்சிருக்கிறியள்."

சாதிக்கு எதிராக எவ்வளவு கதைத்திருப்பேன் நான், உனக்குத் தெரியும். அந்த வீட்டில் நின்று, கொடுத்ததைத் தா என்று கேட்கிற இன்னொரு பெரிய வீட்டு ஆளாகத்தான் நானும் தெரிந்தேன்.

"ஏணி பின்னால கிடக்கு," என்றா கலா. "வேணுமெண்டா நீங்களே ஏறி அவிட்டுக்கொண்டு போங்கோ. நான் அவிழ்க்கமாட்டன்."

ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். இரண்டு படி ஏறினேன். ஏணைக்குள் கிடந்த பிள்ளை கையைக் காலை அடித்தபடி மஞ்சள் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிவிட்டேன். நல்ல மனத்தால் இறங்கவில்லை அக்கா, ஆத்திரத்தால்தான். இரண்டு தகர வீட்டுக்கும் ஒரு துண்டுச்சீலை; அதற்கு நாங்கள் இரண்டு பேர் அடிபடவேண்டும். வீடு என்று தகரத்தைத் தந்தவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். இழுக்கச் சொன்னவா ஓட்டு வீட்டில் இருக்கிறா.

வெளிக்கிடும்போது கலா படலை வரை வந்தா. குரல் இறங்கியிருந்தது.

"ஒண்டு கேக்கட்டே? எப்பிடிக் கட்டினாலும் நடு தொய்யுது. பிள்ளையின்ர முகத்துக்குக் கிட்ட வந்திடுது. உங்கட அக்கா எப்பிடிக் கட்டினவா?"

"தெரியேல்லை," என்றேன்.

நீ கட்டிய அன்று நான் தொழிற்சாலையில் நின்றேன். அத்தான் வயலில். இறுக்கிய கயிற்றையெல்லாம் அறுத்து இழுத்துவிட்டார்கள், பார்த்துப் படிக்க ஒரு முடிச்சுக்கூட மிஞ்சவில்லை.

இப்போது உன் மெசினில் நான் தைத்துக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்த பெட்டைகள் ஆளுக்கொரு பை துண்டு அனுப்பினார்கள். தொழிற்சாலையில் நான் சட்டைக் கை மட்டும் தைத்தவள், என் சதுரம் ஒன்றும் சதுரமாக வருவதில்லை. ஆரணி எடுத்துத் தருகிறாள். "இது கோணல் சித்தி," என்கிறாள், தயவு தாட்சண்யம் இல்லாமல், உன்னைப்போலவே. நேற்றுப் பாதிக் கூடத்துக்குக் கட்டிப் பார்த்தேன். கூரைச் சட்டமான சிலாகைக்குச் சிலாகை கயிற்றை இழுத்தேன். நடு தொய்ந்து அத்தானின் தலையில் முட்டியது. அவர் குனிந்து போனார். அந்தக் குனிவுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

வாக்குத் தருகிறேன். வான் வந்து நிற்கும்போது ஆரணியின் பாய்க்கு மேல் துணி இருக்கும். பெரியம்மா நிமிர்ந்து பார்க்கட்டும். இந்த முறை கை வைக்க வருகிறவர் என்னைத் தாண்டித்தான் ஏணியில் ஏறவேண்டும். முடிச்சு தெரிந்ததும் முதல் பஸ்ஸில் கலாவிடமும் போய்ச் சொல்வேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை அந்தியேட்டி. துணி இருக்கிறது, கயிறு இருக்கிறது, ஏணி சாத்திக் கிடக்கிறது. நடு தொய்யாமல் எப்படிக் கட்டினாய்? சொல்லு அக்கா. இரண்டு வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொல்லு.

உன் தங்கச்சி, உன் பிள்ளையை விடாத சித்தி,
சுதா