ஒரே தடவை கூப்பிட்ட குரல்

சோஹார்,
9.6.2006, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உமாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மானாமதுரையில் அம்மாவும் சுகமென்று நேற்று போனில் சொன்னாள், ஆர்மீனியாவில், எரவானில் நீயும் இருமல் விட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, போன வாரம் சைட்டில் இரண்டு பேர் மயங்கி விழுந்து பிழைத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போ என்றால், எம்மக டாக்டராகி வரட்டும், அவகிட்டயே காட்டிக்கிறேன் என்கிறாள். நீ படித்து முடிக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்றால் சண்டைக்கு வருகிறாள். கம்பெனியில் மறுபடி இரண்டு வருஷ கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கோட்டையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு உன்னிடம் மறைத்துவிட்டேன்.

நான் உன்னைப் பார்க்க வந்த மூன்றாம் நாள் நீயும் உன் ரூம்மேட் ஷ்ருதியும் என்னை அம்பெர்டு கோட்டைக்குக் கூட்டிப் போனீர்களே, அன்றுதான். வேனில் போகும்போது நீ, போதும்ப்பா, ஊருக்குப் போங்க, அம்மா எத்தனை வருசந்தான் தனியா கெடக்கும் என்றாய், நான் கேலி பண்ணி மழுப்பிவிட்டேன். மலை மேலே கறுப்புக் கல், கூரையில்லாத சுவர், இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். சாரம் கட்டுகிற ஃபோர்மேனுக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்குமா, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன், நீங்கள் இருவரும் பக்கத்திலிருந்த பழைய சர்ச்சுக்குப் போனீர்கள். அப்போதுதான் மேகம் இறங்கியது. பட்டப்பகல், ஆனால் நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. காற்று சட்டென்று நின்றது. அந்தச் சுவர்களுக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. அப்பா என்று ஒரு குரல் கேட்டது. ஒரே தடவைதான்.

சாரத்தில் ஏறுகிற பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வது, எவன் கூப்பிட்டாலும் திரும்பாதே, முதலில் பைப்பைப் பிடி, மூன்றாம் தடவை கூப்பிட்டால் ஏன் என்று கேள். நம் வீட்டிலும் அதுதானே சட்டம், காத்துக் கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும் என்று. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் அந்தக் குரல் வந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தேன். ஏனென்றால் அது உன்னுடைய இப்போதைய குரல் இல்லை, மூன்று வயதுக் குரல். நான் சவூதியில் தம்மாமில் இருந்த காலத்தில், லீவு முடிந்து வந்த முனியசாமியிடம் அம்மா ஒரு கேசட் கொடுத்துவிட்டாளே, அதன் கடைசியில் அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு ஓடிப்போவாயே, அதே குரல். எத்தனை வருஷம் போட்டுப் போட்டுக் கேட்டது, எனக்குத் தெரியாதா. சாரத்தில் கால் வைக்கும் முன் பூட்ஸ் முனையால் பலகையைத் தட்டிப் பார்க்கிற பழக்கம்தான் காப்பாற்றியது. தட்டியதும் ஒரு கல் உருண்டு போயிற்று, விழுந்த சத்தம் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ அடியில் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு நீ எனக்குப் பின்னாலிருந்து, சர்ச்சுப் பக்கமிருந்து வந்தாய். கூப்பிட்டாயா என்றதற்கு, நான் கூப்பிடலையேப்பா என்று சிரித்தாய். பூட்ஸ் கயிறு கட்டுகிறேன் என்று பொய் சொன்னேன்.

இங்கே வந்ததும் பெட்டிக்கடியில் கிடந்த அந்தக் கேசட்டை எடுத்து, ரூமில் இருக்கும் காயல்பட்டினத்து சுஐபு பாயின் டேப்பில் போட்டேன். அம்மா பேசுவது, பின்னால் சேவல் கூவுவது எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ கூப்பிடும் இடம் வந்ததும் வெறும் காற்றுச் சத்தம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பழைய டேப்பு, இந்தச் சூட்டுல அழிஞ்சிருக்கும்ணே என்றார் சுஐபு. இருக்கலாம். ஆனால் போன மாதம், உன்னைப் பார்க்கக் கிளம்பும் முன் போட்டபோது நீ கூப்பிட்டாய்.

எனக்கு ராத்தூக்கம் போய்விட்டதம்மா. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அந்த வயதில் நீ கூப்பிட்டபோது நான் வரவில்லை, இதோ அடுத்த வருஷம் என்று பதினேழு வருஷம் ஓட்டிவிட்டேன். மலையில் கூப்பிட்டது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், உன் குரலில் கூப்பிட்டது, நான் ஏன் என்று கேட்டுவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் கேம்ப் ஆபீசில் கலாஸ், வேலை முடிந்தது என்று சொல்லியிருப்பேன், ஆகஸ்டில் மானாமதுரையில் இருப்பேன். உன் படிப்புக்கு வேண்டியதை எடுத்து வைத்தாயிற்று, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீ முந்திக்கொள்ளாதே.

குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீடூழி நன்றாக இரு. ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. அந்தக் கோட்டைக்கு இனி போகவே வேண்டாம். ஷ்ருதி இழுத்து எப்போதாவது போக நேர்ந்து, மேகம் இறங்கி, உமா என்று என் குரலில் ஒரு தடவை கேட்டால், அது நான் இல்லை. நான் மூன்று தடவை கூப்பிடுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
மு. சோலையப்பன்