மலைத்தடத்தில் நடந்த விபத்தும் வழிகாட்டி நல்லானின் வேலை நீக்கமும்

அனுப்புநர்:
க. அர்த்தநாரி,
கட்டிங் மாஸ்டர்,
திருமுருகன்பூண்டி, அவிநாசி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தேசியப் பூங்கா அலுவலகம்.

பொருள்: 20.2.94 மலைத்தட விபத்து – என் பெயரிலுள்ள பொய் வாக்குமூலத்தை ரத்து செய்து, வழிகாட்டி நல்லானை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் பதினோரு வருடமாகத் துணி வெட்டுகிறேன். மேற்படி ஞாயிறன்று தங்கள் அலுவலக அனுமதிச் சீட்டுடன் நானும் என் மைத்துனர் குமாரவேலும் மேல்முகாமிலிருந்து காட்டுக்குள் நடந்தோம். துறை அனுப்பிய வழிகாட்டி, மலைக் குடியிருப்பைச் சேர்ந்த நல்லான்.

2. பாறைகளில் துறை வரைந்த அம்புக்குறிகள் இரண்டாம் மைலோடு அழிந்துவிட்டன. அதற்கு மேல் மரங்களில் சிவப்புப் பனியன் துணி கீற்றுக் கீற்றாகக் கட்டியிருந்தது. என் மேஜையில் தினமும் விழும் கழிவுத் துணிதான். அதுவே வழி என்று திரும்பினேன். "அது தடம் இல்லீங்க சாமி, போகாதீங்க" என்று நல்லான் இருமுறை தடுத்தார். காரணம் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்துவிட்டு நடந்தேன்.

3. அத்துணி எங்களை ஓர் ஓடைக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. உடைந்த பிராந்தி பாட்டில்கள், எச்சில் இலைகள், மனிதக் கழிவு, ஈ மொய்த்த மான் தோல். யானைகள் குடிக்கும் தண்ணீரில் மானின் குடல் மிதந்தது. கரையில் ஜீப் சக்கரத் தடம். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய குமாரவேல் ஒரு பாட்டிலின் மேல் கால் வைத்துப் பாறையிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. "ரேஞ்சரய்யாவோட விருந்தாளிங்க வர்ற எடமுங்க. துணி அவங்களுக்குக் கட்டுனதுங்க. சொன்னா எம் பொழப்பு போயிருமுங்க" என்று அப்போதுதான் நல்லான் வாய் திறந்தார்.

4. அவர் தம் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டினார். மூங்கில் வெட்டித் தூளி கட்டினார். இருவருமாக ஆறு மைல் சுமந்து இறங்கினோம். வழியில் ஐந்து முறை இறக்கி வைக்கச் சொன்னவன் நான்.

5. ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்லான் சொன்ன அதே ரேஞ்சர், வனச்சரகர், ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு பார்மாலிட்டிங்க" என்றார். படிக்காமலே கையெழுத்திட்டேன். நல்லான் குடிபோதையில் எங்களை வழிதவற விட்டதாக அதில் எழுதியிருந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து, அவர் மனைவி கருப்பாத்தாள் அதன் நகலோடு பஸ் ஏறி எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. "அவரு குடிச்சிருந்தாருங்களா? நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

6. வனச்சரகரை நினைத்தால் வரும் அருவருப்பைவிட என்னை நினைத்து வருவது அதிகம். நல்லான் அன்று ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வழி தவறியவன் நான். எந்த விசாரணையிலும் இதை நேரில் சொல்வேன். பொய் வாக்குமூலத்துக்காக என்மீது நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். அந்தத் தாளால் வேலை போன நல்லான் இப்போது அடிவாரச் செங்கல் சூளையில் மண் சுமக்கிறார்.

எனவே, முன்னறிவிப்பின்றித் தாங்களே அந்த ஓடைக்கரையைப் பார்வையிட்டு, நல்லானை உடனே பணியில் சேர்த்து உத்தரவிடப் பணிவுடன் வேண்டுகிறேன். உத்தரவு வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலைக்கு விடுப்பு எடுத்துத் தங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பேன்.

இடம்: திருமுருகன்பூண்டி
நாள்: 26.3.1994

உண்மையுடன்,
(ஒப்பம்) க. அர்த்தநாரி