மூன்று மணிக்கே எழுதிய ஐந்து மணி அளவு

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாத்திரை டப்பாக்களோடு சேர்த்து சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வீரமாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் உன் முகம் தெரிகிறது, முகத்தைப் பார்த்தால் எனக்கு உண்மை வரமாட்டேன் என்கிறது, அதனால்தான். தபாலில் போட்டால் நீ கையெழுத்துப் போடவேண்டிய வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்று அப்பாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். தாளில் பாதியும் தன் கட்டைவிரலில் பாதியுமாக எடுத்து அனுப்புவார், பொறுத்துக்கொண்டு படி.

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவள் சும்மா மாடியேறி தையல் கடைகள் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். உனக்குப் பாவாடை தைத்த ரத்னவேல் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அளவு நாடாவை உன் இடுப்பில் சுற்றும்போதெல்லாம் நீ கூச்சத்தில் நெளிவாய், அவர் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே திட்டுவார். அந்த நாளெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றேன், நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

உன் வேலையை அப்பா இன்னும் கிணறு வெட்டுகிற ஆபீஸ் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார். அது தண்ணீர்க் கிணறு இல்லை, ஆலைக் கழிவைப் பாறைக்கு அடியில் தள்ளுகிற கிணறு, அதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கிற அரசாங்க வேலை என்று நானும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். போன ஞாயிறு நீ கேட்டாயே, "ம்மா, மூணு மாசமா பிரஷர் ஒரே நம்பர்தான் எழுதியிருக்காங்க, ஒரு தடவைகூட மாறாம இருக்குமா, நீங்க பிளாண்ட்ல இருந்தவங்கதானே" என்று. பிரஷர் மாறினால்தான் ஓட்டை தெரியும், குழாய் நடுவில் எங்காவது அப்படி ஓட்டையாகியிருந்தால் அந்த ஊர் குடிக்கிற நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்றும், மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்துகிறார் என்றும் சொன்னாய். நான் உடனே, "மீட்டர் நல்லா இருந்தா அப்படித்தான் லா இருக்கும், சைன் பண்ணிடு" என்றேன். அது பொய் நிரஞ்சனா. எந்த மீட்டரும் அப்படி இருக்காது. பார்க்காமல் எழுதினால்தான் அப்படி இருக்கும், நானே எழுதியிருக்கிறேன்.

ஜூரோங்கில் நான் வேலை பார்த்த கழிவு நீர் ஆலை உனக்கு மறந்திருக்காது. பள்ளி விடுமுறையில் என் மேசைக்கடியில் உட்கார்ந்து படம் வரைவாய். பம்ப் பார்த்த முகைதீன் மாமா ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது உனக்கென்று ரம்புத்தான் கட்டிக்கொண்டு வருவார், நீ தோலை என் பைலுக்குள் ஒளித்து வைப்பாய். மழை பெய்தால் தகரக் கூரை சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அப்படியே கத்திக் கத்திச் சிரிப்போம். அங்கே நிலத்துக்கடியில் ஒரு பெரிய அமிலத் தொட்டி இருந்தது, மணிக்கொரு தடவை நான் போய் அளவு பார்த்துத் தாளில் எழுத வேண்டும். மீட்டர் முள் அசைவதே இல்லை என்று எங்களில் பாதிப் பேர் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம், அதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை. உனக்கு ஏழு வயது, தீபாவளிக்கு முதல் நாள், ரத்னவேல் கடை அடைப்பதற்குள் உன் பாவாடையை வாங்க வேண்டும் என்று மூன்று மணிக்கே நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் சேர்த்து எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று ஐந்து மணி தாண்டியதுமே தொட்டி நிறைந்து வழிந்தது, அமிலம் பின்னாலிருந்த லோங்காங் சாக்கடையில் ஓடியது. அரசாங்க அதிகாரிகள் வந்து தாளைப் பார்த்தார்கள். ஐந்து மணிக்குக்கூட தொட்டி பாதிதான் இருந்தது என்று என் கையெழுத்து சொன்னது, அப்படியானால் அதற்குள் தானாக நிறைந்திருக்க முடியாது, யாரோ வால்வைத் திறந்து வேண்டுமென்றே வெளியே விட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் முகைதீன் ஒருவர்தான். அவருடைய வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "நீங்க எழுதினது சரியாத்தானே இருக்கும்க்கா, மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ மாமா எங்கே என்று கேட்டபோது ஊரிலேயே நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக அப்பாவுக்கும் தெரியாது, இன்று படம் எடுக்கும்போது படித்துவிடுவார், படிக்கட்டும்.

பழைய ஆட்களிடம் விசாரித்து முகைதீனுடைய மகள் ரபியாவிடம் பேசினேன். "அத்தா உங்களப் பத்தி நல்லதாத்தான் சொல்வாங்க, வாங்கம்மா" என்றாள், வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை உட்லண்ட்ஸ் வழியாக ஜோகூர் போகிறேன், துணைக்கு யாரும் வேண்டாம். நடந்ததை முகைதீனிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நீயும் என் மேல் கோபப்பட்டால் நியாயம்தான், ஆனால் சாப்பிடாமல் மட்டும் இருக்காதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. கையெழுத்துப் போடுமுன் அந்தக் கிணற்றடிக்கு நீயே போய் தாளை எழுதியது யார் என்று கேட்டு, அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசு. எங்கள் ஆலைக்கு வந்தவர்கள் தாளை மட்டும்தான் பார்த்தார்கள், எழுதியவளைக் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவகாமசுந்தரி மாசிலாமணி