திறக்காமல் விட்ட இன்டரப்ட்

கார்த்திகை 9, செவ்வாய். போடி.

குரங்கணியில் மச்சினனின் ஏலக்காய் உலர்த்தும் அறையில் ஹீட்டரை இயக்கும் சின்னக் கணினிப் பெட்டிக்கு, கர்னல் என்கிற அடிப்படை நிரலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். போன வாரம் ஹீட்டர் அணையாமல் காய் முழுவதும் கருகியது. காவலுக்கு இருந்த சிலமலைப் பாண்டி எதையோ அமுக்கிவிட்டார் என்றேன். "அண்ணே, அந்தப் பெட்டியத் தொடவே இல்லண்ணே" என்று அழுதார். மச்சினன் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

இன்று மாலை என் நிரலை வரிவரியாகப் படித்தேன். வெப்பமானியைக் கேட்கும் முன் ப்ராசஸரின் இன்டரப்டுகளை, அதாவது அவசர அழைப்புகள் வரும் வழிகளை, மூடுகிறேன். அந்த நேரம் அது வேறு எந்த அழைப்பையும் கவனிக்காது. பதில் வந்ததும் திறக்கிறேன். பதில் வராவிட்டால் திறக்காமலே வெளியேறுகிறேன். பிறகு ஹீட்டரை அணைக்கச் சொல்லி டைமர் எத்தனை முறை தட்டினாலும் ப்ராசஸருக்குக் கேட்காது.

பெங்களூரில் வேலை பார்த்தபோது என் நிரலில் குறை சொன்னவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த வீம்பில் இந்த நிரலை யாருக்கும் காட்டவில்லை.

மச்சினனுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன்.

"போங்க மச்சான், ஒங்க படிப்புக்குத் தப்பு வருமா? பாண்டிக்குப் பாவம் பாக்குறீகளாக்கும்" என்று சிரித்தான்.

மூன்று முறை சொன்னேன். நம்பவில்லை.

காலை முதல் ஜீப்பில் பாண்டியையும் கூட்டிக்கொண்டு மேலே போகிறேன். மச்சினன் கண்ணெதிரே வெப்பமானியின் வயரைப் பிடுங்கி, யாரும் பெட்டியைத் தொடாமலே ஹீட்டர் அணையாமல் எரிவதைக் காட்ட வேண்டும்.