கவினின் விரலும் ஒரு தட்டு அரிசியும்

செப். 28, ஞாயிறு
காலை முழுக்க மழை. நவராத்திரிச் சுண்டல். பழைய கேம் கண்ட்ரோலரிலிருந்து கழற்றிய மோட்டாரைத் தட்டின் அடியில் ஒட்டினேன். கடலை ஆடியது. அக்காவின் மாமியார் கரண்டியோடு பின்வாங்கினார்.

"வேக வெச்சேன்லா. இன்னும் உசுரோட இருக்கே."

வெற்றி. திட்டு: இரண்டு ரவுண்டு.

பிறகு பேச்சு கவினிடம் போனது. அக்கா மகன், நாலு வயது. பிறந்ததிலிருந்தே வலது கையில் பலம் குறைவு. வியாழன் விஜயதசமி, ஏடு தொடங்கணும். எங்கள் கோயிலில் ஐயர் கைபிடித்து அரிசியில் ஒரு 'அ', அடுத்தது பிள்ளை தனியாக. இடது கை ஆகாது.

"நாலு பேரு முன்னால புள்ள முழிக்கணுமா? அடுத்த வருசம் பாக்கலாம்."

"உக்காருவான், அத்தை," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு யாரும் சுண்டல் தொடவில்லை.

செப். 29, திங்கள்
கவினுக்கு அதே தட்டில் அரிசி. விரல் கொஞ்சம் போனது, நின்றது.

"மாமா, அரிசி தள்ளுது."

உண்மை. மணிகள் மாலை நேரத் தெப்ராவ் ரோட்டு ஜாம் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கின்றன. சும்மா மோட்டாரை ஓடவிட்டேன். விரல் தயிரில் போவதுபோல் போனது.

சோதனை: கரண்டியை ரப்பர் பேண்டில் கட்டி அரிசிக்குள் இழுத்தேன். ரப்பர் நீண்டது:
சும்மா – 11 செ.மீ.
மோட்டாரோடு – 4

அதிர்ந்தால் மணிகள் பிடியை விடுகின்றன. ஒரு சிக்கல்: அதிர்வு தொடர்ந்தால் போட்ட கோடும் தூர்ந்துவிடுகிறது. அவன் 'அ' போட்டதும் நான் 'ஆஃப்' போடணும்.

அக். 2, வியாழன்
வெயில். கோயில். தட்டு எங்களுடையது, சுவிட்ச் என் தொடைக்கு அடியில். மேளத்தில் மோட்டார் கேட்கவில்லை. ஐயர் கையை விட்டார். சுழி, வளைவு, கோடு. ஆஃப்.

அத்தை அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"தீபாவளிக்கு வர்ற எல்லாருக்கும் எழுதிக் காட்டுவான் எம்பேரன்."

அலமாக், மாட்டிக்கொண்டேன்.

அக். 4, சனி
அக்காவிடம் சொல்லிவிட்டேன். தட்டைத் திருப்பிக் காட்டினேன். அடி விழும் என்று நாலடி தள்ளியே நின்றேன்.

"இத வெச்சு எத்தன தடவ எழுதினான்?"

"திங்கக்கெழம மட்டும் இருபது இருக்கும். அவனா நிறுத்தல."

"தெரப்பில அஞ்சு தடவைக்கே அழுவான்." மோட்டாரைத் தடவிப் பார்த்தாள். "கொஞ்சங் கொஞ்சமா வேகம் குறைக்க முடியுமாடா? அவன் கையே தள்ளட்டும்."

"தேஞ்ச பேட்டரி போட்டா குறையும். அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். நீ பேட்டரியப் பாரு."

அக். 7, செவ்வாய்
மப்பு வானம். டிவி ரிமோட்டிலிருந்து தேய்ந்த பேட்டரி. ரப்பர் 7 செ.மீ. கவின் நாக்கைக் கடித்துக்கொண்டு 'அ'. கடைசிக் கோடு பாதியில் நின்றது, பிறகு போனது.

அத்தை தட்டுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, என்னைப் பார்க்காமல்:

"இன்னும் கொஞ்சம் கொறைடா."