தம்பி விழுத்திய ஆறு பேர்

செவ்வாய், இரவு.

தம்பி பொக்ஸிங்கில் ஹெவிவெயிற்றுக்கு வந்து ஆறு சண்டை வென்றுவிட்டான். ஒபிஸில் நான்தான் அந்தக் கதையை எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற அன்ரனி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, "அந்த ஆறு பேரும் ஆர் மிஸ்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒருத்தராலயாவது அவன்ர குத்தைத் தாங்க ஏலுமோ என்று கேட்டுவிட்டேன்.

அன்ரனி குரலை உயர்த்தவில்லை. நாலாவதாக விழுந்தது தன்ர மச்சான் என்றார். இங்கே அந்த நிறைக்கு ஆள் கிடைப்பதில்லையாம். மச்சானும் அதற்கு மூன்று கிலோ குறைவு. பொக்ஸிங் கிளப்காரர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வயிறு முட்டத் தண்ணியும் கொடுத்துத் தராசில் ஏற்றினார்களாம். ஒரு மணித்தியாலத்தில் சண்டை. முதல் ரவுண்டிலேயே விழுந்தவர், களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தாராம்.

நான் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டேன். தம்பிக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்திருக்காது என்று வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரவு சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன். அவன் இடியப்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் அக்கா. தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கிறான், வயித்திலயே அடி எண்டு கோச் சொன்னவர்."

"நீ?"

"அடிச்சன்."

பிறகு இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னான். நானும் விட்டேன்.