தண்ணீர் ஊற்றியவர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. நேற்று போனில் குரல் கணீரென்றுதான் இருந்தது. நீங்கள் கேட்டதைக் கேட்டதும் நான்தான் போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறாள். பல் செட் செய்கிறவர்கள் பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு வெட்கம்.

பல் லேபில் தீப்பிடித்த கதையை முதலாளி சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். இப்போது நான் சொல்கிறேன். பல் செட்டுக்கான டைட்டானியச் சட்டங்களை உடனே தேய்த்து முடிக்க வேண்டும் என்று தலைமேல் நின்றார். அழுத்தித் தேய்த்தால் கல் சூடேறி வெள்ளைப் பொறி பறக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தூசு உறிஞ்சும் மெஷின் பழுதாகிக் கிடந்தது. கேட்டதற்கு, "மூக்க மூடிக்கிட்டு வேலையப் பாருங்க" என்றார். தட்டில் குவிந்திருந்த தூளில் என் கல்லின் பொறி விழுந்தது. பாலிஷ் போடும் அக்கா தீயணைக்கும் மணல் வாளிக்கு ஓடினாள். வாளி காலி. வாசல் படி பூச அந்த மணலை எடுத்தது முதலாளிதான். "தண்ணி வேணாம் சார்" என்று அக்கா கத்தக் கத்த, அவரே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். தீ வெடித்து அக்காவின் முகத்தில் அடித்தது.

ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று தேறுமா என்று இன்னும் தெரியாது. தப்பு அக்காவுடையது என்றாகிவிட்டால் வைத்தியத்துக்குக்கூட முதலாளி பொறுப்பில்லை. பார்த்தது நான் ஒருத்திதான்.

நாளை அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். அக்காதான் தண்ணீர் ஊற்றினாள் என்று சொல்லச் சொல்கிறீர்கள். "யாருக்காகவோ என் வேலைக்கு உலை வெச்சுடாத" என்கிறீர்கள். முதலாளியின் அண்ணன் நடத்தும் லேபில் வேலை பார்க்கிறீர்கள், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் தூளில் தண்ணீர் படக்கூடாது என்று, இங்கே வேலை பார்த்தபோது அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? அவள் ஊற்றியிருக்க மாட்டாள் என்று தெரிந்தே, எப்படி வாய் கூசாமல் கேட்டீர்கள்?

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் நான் பார்த்ததைச் சொல்லியிருப்பேன். வேலை போனால் வீட்டுக்கு வாருங்கள். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் தேய்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நினைவு திரும்பியதும், "அண்ணன் போன் பண்ணுச்சா?" என்று உங்களைத்தான் கேட்டாள். "பண்ணாரு, உங்களத்தான் விசாரிச்சாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யையாவது உண்மையாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா